நோஞ்சான் முள்ளங்கியும் கொழுத்த கீரையும்

அந்தத் தெருவில் கேட்காமலே வீடு தேடி வருபவை இரண்டு. ஒன்று மழை, மற்றது டிரைவரின் கீரை. மழையாவது எப்போதாவதுதான் வரும். கீரை திங்கட்கிழமை தவறாது.

டிரைவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் மாலை மூன்று மணிவரை சும்மா இருக்கவேண்டும். சும்மா இருப்பது அவருக்கு ஆகாத காரியம். இரண்டு வருஷத்துக்கு முன் அவரும் மனைவியும் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது, பின்சுவருக்கு அப்பால் ஒரு காலிமனை கிடந்தது. முன்னொரு காலத்தில் அங்கே குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசும் பட்டறை இருந்ததாம். பட்டறையை மூடி, கொட்டகையைப் பிரித்து, தரையைச் சமப்படுத்தி, மனைக்காரர் விலைக்கு வைத்திருந்தார். விலைதான் படியவில்லை. "குப்பை சேராமப் பார்த்துக்கிட்டாப் போதும், என்ன வேணாலும் போட்டுக்குங்க" என்று சாவியை டிரைவர் கையில் கொடுத்துவிட்டார். பசித்தவனிடம் பரிசாரகனே வந்து கும்பிட்ட மாதிரி ஆயிற்று.

அவர் மனைவிக்கு வேலை மண் சோதனைக்கூடத்தில். இருபத்திரண்டு வருஷமாக அங்கே வந்து குவியும் மண்ணை உலர்த்தி, மரக்கட்டையால் தட்டி, சலித்து, நிறுத்து, அமிலத்தில் வேகவைத்துச் சாறெடுப்பவள். அங்கே எல்லோரும் அவளைச் சல்லடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூட. நாளொன்றுக்கு முப்பது மண். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஊர், பேர், முகம் எதுவும் கிடையாது. "இன்னிக்கு நூத்திப்பத்து ரொம்பப் புளிப்புங்க. எண்பத்தேழுல உப்பு தாங்கல" என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். டிரைவரும் தூரத்து உறவுக்காரர்களின் உடம்பு சௌகரியத்தை விசாரிப்பதுபோல், "அய்யோ பாவம், அப்புறம்?" என்று கேட்டுக்கொள்வார்.

இவ்வளவு மண்ணை அளைந்தவள், தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்ணில் ஒரு சிட்டிகையைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் ஒன்றுதான். கீரை அவ்வளவு நன்றாக வந்தது. நன்றாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

கீரையென்றால் அப்படியொரு கீரை. இலை ஒவ்வொன்றும் கையகலம். கரும்பச்சை. பசலைக்கீரையென்று விதைப் பொட்டலத்தில் போட்டிருந்தது. வளர்ந்ததைப் பார்த்தால் அது மரமாகிவிடலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் டிரைவர் கட்டுக் கட்டாக அறுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒன்று. இரண்டு வீடு தள்ளியிருந்த நர்ஸம்மாவுக்கு ஒன்று. பக்கத்து வீட்டிலேயே இருந்த அவருடைய கூடப்பிறந்த அக்காவுக்கு ஒன்று. சோதனைக்கூடத்தின் பெரிய மேடத்துக்கு ஒன்று. அதைச் சல்லடையக்காதான் சுமந்துகொண்டு போகவேண்டும். தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் செய்பவருக்கு ஒன்று. எல்லோரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொள்வார்கள், கடிகாரக்காரரைத் தவிர. அந்த மனிதர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "வெச்சிட்டுப் போ" என்பார். அவ்வளவுதான். நன்றி என்ற சொல்லைக் கடிகாரத்துக்குள் எங்கோ தொலைத்துவிட்டவர் அவர்.

கீரையால் தலைகால் புரியாமல் போன டிரைவர், இந்த வருஷம் மனையின் மேற்கு மூலையில் முள்ளங்கி போட்டார். போட்டதோடு நிற்கவில்லை. "முழங்கை நீளம் வரும், பாருங்க" என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார். நாற்பத்தைந்தாம் நாள் அக்காவையும் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துக்கொண்டு முதல் முள்ளங்கியைப் பிடுங்கினார்.

வந்தது எலிவால்.

இரண்டாவதும் எலிவால். மூன்றாவது, வால் பாதி அறுந்த எலிவால்.

"தம்பி, இது முள்ளங்கியா, முள்ளங்கியோட நிழலா?" என்று கேட்டார் அக்கா.

"உரம் போதல அக்கா. அடுத்த தடவை பாரு."

சுவரோரத்து உரத்தொட்டியிலிருந்து உரத்தை அள்ளிக் கொட்டினார். தண்ணீரை ஊற்றினார். மறுபடி விதைத்தார். இந்த முறை செடி சாண் உயரம்கூட வரவில்லை. இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக்கோடாகத் தெரிந்தது. டிரைவருக்குத் தையல்காரம்மா வீட்டுச் சோப்புத்தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. தெருவைக் கடந்து, ஒரு வீட்டையும் கடந்து சோப்புத்தண்ணீர் எப்படி வரும் என்று அக்கா கேட்டார். டிரைவர் கோபத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, சமையலறை வாசலில் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சல்லடையக்கா பெருக்குவதற்காகக் குனிந்து அதை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

வேர் குட்டையாக, தடித்து, நுனி கருகிய நூல்போல் இருந்தது. பக்கவேர்களே இல்லை. இந்த மாதிரி வேரை அவள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஏதோ தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த வயலிலிருந்து ஒருவர் மண்ணோடு செடியையும் கொண்டுவந்திருந்தார். அந்த மண்ணின் எண் இன்றும் அவளுக்கு நினைவிருந்தது. இருநூற்று மூன்று. அதில் வந்த அளவைப் பார்த்து எந்திரம் பழுதோ என்று எல்லோரும் கூடிவிட்டார்கள்.

பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முலாம் பட்டறை. இந்த வீட்டுக்கு வந்த அன்றே கேட்ட சொல். ஒருநாளும் காதுக்குள் போகாத சொல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, கரண்டியும் பிளாஸ்டிக் பைகளுமாக மனைக்குள் இறங்கினாள். ஒரே இடத்தில் எடுக்கக்கூடாது, வளைந்து வளைந்து நடந்து பல இடத்தில் எடுக்கவேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். முள்ளங்கிப் பாத்தியை முடித்து, கீரைப் பாத்தியில் நாலாவது குழி தோண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னம்மா தோண்டுற?"

"தோடு," என்றாள் அவள். வாயில் முதலில் வந்தது அதுதான். "தோடு விழுந்துடுச்சுங்க."

"அய்யய்யோ, எங்க?" டிரைவர் பையைக் கீழே வைத்துவிட்டு மண்டிபோட்டுவிட்டார். கீரையை ஒவ்வொரு தண்டாக விலக்கி, மண்ணை விரலால் கிளறி, அரைமணி நேரம் தேடினார். அவள் தேடுகிற சாக்கில் இன்னும் இரண்டு பையை நிரப்பிக்கொண்டாள். மனசு உறுத்தத்தான் செய்தது. வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தவர் அவள் முகத்தையே பார்த்தார். வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார்.

"மொத்தம் உனக்கு எத்தனை காது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயாலேயே உண்மையும் வந்தது. முள்ளங்கி வேரைப் பற்றிச் சொன்னாள். பட்டறையைப் பற்றிச் சொன்னாள். மண்ணைச் சோதிக்கவேண்டும் என்றாள்.

டிரைவருக்கு முகம் சுருங்கியது. "என் மண்ணுக்கு என்ன குறைச்சல்? அந்த மூலையில ஏதோ கோளாறுன்னு வெச்சுக்க. இந்தப் பக்கம் பாரு, இந்தக் கீரையைப் பாரு. கெட்ட மண்ணுல இப்படி வருமா?" என்றவர், அதோடு விடவில்லை. கொழுத்த கட்டாக ஒன்றை அறுத்து அவள் கையில் திணித்தார். "இதையும் கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்க. எவ்வளவு சத்துன்னு உங்க எந்திரமே சொல்லட்டும்."

அவர் மட்டும் அன்று ரோசப்படாமல் இருந்திருந்தால், அவள் மண்ணோடு நிறுத்தியிருப்பாள். கீரையைச் சோதிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

சோதனைக்கூடத்தில் நாலு நாள் அவள் அந்த மண்ணோடே இருந்தாள். தட்டுகளில் மண்ணைப் பரப்பி உலர்த்தினாள். கட்டிகளைத் தட்டிச் சலித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் நிறுத்து, அமிலத்தை ஊற்றி, புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் சூடேற்றினாள். கீரையை மூன்று தண்ணீரில் கழுவி, அடுப்பில் காயவைத்துப் பொடியாக்கி அதற்கும் அப்படியே செய்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்திரம் சாற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சி நெருப்பில் தெளித்தது. திரையில் எண்கள் வந்தன. அவள் பார்த்தாள். எந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறையும் ஓட்டிவிட்டு, பெரிய மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார். "யாரோட மண்ணு இது?"

"என்னோடது மேடம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல்தடவை.

"மேற்கு மூலையில துத்தநாகம் இருக்கவேண்டியதைப் போலப் பன்னெண்டு மடங்கு இருக்கு. நிக்கலும் இருக்கு. கழுவின தண்ணியை அங்கதான் விட்டிருப்பாங்க. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினா வேரைச் சுருக்கிடும், இலையை வெளுக்கவெச்சிடும். அதான் உன் முள்ளங்கி அலறியிருக்கு. கீரைப் பக்கம் துத்தநாகம் குறைச்சல், ஆனா காட்மியம் இருக்கு. மண்ணும் புளிப்பு. புளிப்பு மண்ணுல செடி அதைச் சுலபமா உறிஞ்சிக்கும். இந்த அளவு காட்மியம் கீரையை ஒண்ணும் செய்யாது. இலையில சேர்த்து வெச்சுக்கிட்டு ஜம்முனு நிக்கும். தொந்தரவு தின்னுறவங்களுக்குத்தான். வருஷக்கணக்கா தின்னா சிறுநீரகத்துக்குக் கெடுதல்."

"கீரையில மூணு மடங்கு, மேடம். அனுமதிச்சதைவிட மூணு மடங்கு."

"பார்த்தேன்."

"மேடம், வாராவாரம் உங்களுக்கும்... நீங்க சாப்பிட்டீங்களே..."

மேடம் மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் மேசையைப் பார்த்தார். "தப்பா நினைக்காதே. நான் அதைக் காவலாளிக்குக் கொடுத்துடுவேன். கயிறு மாதிரி இருந்துது."

வெளியே வந்து காவலாளியைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டுல யாரும் கீரை தொடமாட்டாங்க சல்லடையக்கா. உங்க தெரு வழியாத்தான வீட்டுக்குப் போறேன். அந்த நர்ஸம்மா வாசல்ல வெச்சிட்டுப் போயிடுவேன்."

வீட்டுக்கு வந்து டிரைவரிடம் சொன்னாள். அவர் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். புரியாத எண்களைப் பார்த்தாரா, கீரையைத்தான் பார்த்தாரா, தெரியாது. அவள் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்துபோய்க் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சப்புறம் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக்கூடாது. நான் கொடுத்ததை நானே போய்ச் சொல்லணும். நீ வா. அந்தக் காட்டு... காட்டு என்னமோ சொன்னியே, அது என் வாயில நுழையாது."

இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் அந்த நிமிஷம்போல அவரை அவளுக்கு எப்போதும் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. காக்கிச் சட்டையின் காலரை மட்டும் சரிசெய்துவிட்டாள்.

முதலில் தையல்காரம்மா. டிரைவர் வாசலில் நின்று, குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நான் கோவிச்சுக்கிறதா? நீதான் என்னைத் திட்டணும்."

"நாங்க உங்க கீரையைச் சாப்பிடுறதே இல்லண்ணே. மொத வாரம் சமைச்சோம். எங்க வீட்டுக்காரருக்குப் பல்லுல மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் வரல. அதுலேருந்து நர்ஸம்மாகிட்ட கொடுத்துடுறேன்."

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தெருவிளக்கைப் பார்த்தாள்.

நர்ஸம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை வெந்நீரில் போட்டிருந்தாள். "சத்தியமாச் சொல்றேண்ணே, ஒரு வாரத்துக்கு மூணு கட்டு வரும். உங்க கட்டு, தையல்காரங்க கட்டு, அந்தக் காவலாளி வெச்சிட்டுப் போற கட்டு. நான் ஒண்டிக்கட்டை. மூணு கட்டு கீரையை நான் என்ன தலைக்கா வெச்சுக்குவேன்? மூணையும் உங்க அக்காகிட்ட கொடுத்துடுவேன். தம்பி வெச்ச பயிரு, அவங்க ஆசையாத் தின்பாங்கன்னு நினைச்சேன்."

இப்போது டிரைவர் ஓட ஆரம்பித்தார். நாலு கட்டு! அக்கா வாரம் நாலு கட்டு தின்றிருக்கிறாள்! அக்கா வீட்டுக் கதவை அவர் தட்டிய தட்டலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"அக்கா! நீ எவ்வளவு தின்ன?"

"என்னத்தைடா?"

"கீரையை!"

அக்கா கதவில் சாய்ந்துகொண்டு தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். "இவனுக்கு யாரு சொன்னது?"

"என்ன அண்ணி, சொல்லுங்க. சாப்பிட்டீங்களா இல்லையா?" என்றாள் சல்லடையக்கா.

"நான் என்ன ஆடா, நாலு கட்டு மேய? மனசு நோகக்கூடாதேன்னு வாங்கி வெச்சுக்குவேன். இவன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனதும், சுவருக்கு மேல எட்டி அந்தப் பக்கம் உரத்தொட்டியில போட்டுடுவேன்."

டிரைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக, ஒரு வாரம் விடாமல், கீரை அவர் பாத்தியிலிருந்து கிளம்பி, தெருவெல்லாம் சுற்றி, மறுபடி அவருடைய உரத்தொட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று வியந்து, எல்லாம் தன் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். அந்த உரத்தைத்தான் அள்ளி அள்ளி அதே பாத்தியில் போட்டார்.

"அப்போ அந்த விஷமும் வெளியே போகவே இல்ல," என்றாள் சல்லடையக்கா மெதுவாக. "திரும்பத் திரும்ப நம்ம மண்ணுக்கே வந்திருக்கு." ஊர்க்காரர்களின் வயிற்றுக்குள் போகவில்லையே என்ற நிம்மதி அவளுக்கு எங்கிருந்தோ வந்தது. அவளும் படியில் உட்கார்ந்தாள்.

டிரைவர் மட்டும் வேறெங்கோ இருந்தார். "ஒருத்தர்கூடவா?" என்றார். "ரெண்டு வருஷத்துல ஒரே ஒருத்தர்கூடவா தின்னல?"

"நல்லதுக்குத்தானடா?" என்றார் அக்கா.

"நல்லதுதான். நல்லதுன்னு எனக்கும் தெரியுது." அவர் முகம் தூக்கம் கலைந்த குழந்தை முகம்போல் இருந்தது. சிரிக்கவேண்டுமா அழவேண்டுமா என்று அது இன்னும் முடிவுசெய்யவில்லை. அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் சல்லடையக்கா. கடைசியில் டிரைவரும் சேர்ந்துகொண்டு, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"இன்னும் ஒரு வீடு பாக்கி," என்றாள் சல்லடையக்கா. "கடிகாரக்காரர்."

"அந்த ஆளு குப்பையில போட்டிருப்பாரு. அதையும் கேட்டுட்டு வந்துடுவோம்."

கடிகாரக்காரர் கடையை மூடிக்கொண்டிருந்தார். நின்றுபோன கடிகாரங்கள் சுவரெல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் இப்போது பயமில்லாமல், கொஞ்சம் அலுப்போடே விஷயத்தைச் சொன்னார். "நீங்களும் தின்னிருக்கமாட்டீங்க. சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

கடிகாரக்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் தின்னேனே," என்றார்.

"தின்னீங்களா?"

"ஒரு இலை விடாம. நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு வதக்குவேன். திங்கக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அதுதான் எனக்கு. எங்க வீட்டுக்காரி போனப்புறம், எனக்குன்னு யாரும் எதையும் கொண்டாந்து கொடுத்ததில்ல." பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுல விஷமா? அப்போ வர்ற திங்கக்கிழமை வராதா?"

அந்தத் தெருவிலேயே தன் கீரையை ஆசையாகத் தின்ற ஒரே மனிதரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும், அவருக்குத்தான் அது கெடுதல் செய்திருக்குமோ என்ற பதற்றமும் டிரைவருக்குள் ஒரே நேரத்தில் முட்டிமோதின. சந்தோஷம் அரை நிமிஷம் முந்திக்கொண்டது. "பூண்டு போட்டா?" என்று கேட்டுவிட்டு, மனைவி முறைப்பதைப் பார்த்ததும் நிதானத்துக்கு வந்தார். "ஐயா, திங்கக்கிழமை உங்களை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நாங்களும் வர்றோம். நாங்களும் தின்னவங்கதான்."

நர்ஸம்மா வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியில், மூன்று பேரும் சிறுநீர்ச் சோதனைக்கு மூடிபோட்ட சின்ன டப்பாக்களைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எந்த டப்பா யாருடையது என்று ஒரு குழப்பம் வந்தது. கடிகாரக்காரர் தன் டப்பாவின் அடியில் நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தார். "முப்பது வருஷமா ஒருத்தர் கடிகாரத்தை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுத்ததில்ல நான்" என்றார். டிரைவர் சிரித்த சிரிப்பில் அவர் டப்பா கைதவறப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் நண்பர்கள் ஆனார்கள்.

முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் சல்லடையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் மூன்று தாளையும் பார்த்துவிட்டு, கணவன் மனைவிக்கு ஒன்றும் பயமில்லை என்றார். கடிகாரக்காரருக்கு அளவு கொஞ்சம் கூடுதல், ஆனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, கீரையை நிறுத்திவிட்டு ஆறு மாசம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார். கடிகாரக்காரர், "நிறுத்தணும்னா எல்லாக் கீரையுமா, இவர் கீரை மட்டுமா?" என்று கேட்டார். டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. டிரைவருக்கு விளங்கியது.

மனையின் கதை வேறு மாதிரி போயிற்று. சோதனைத் தாளைப் பார்த்ததும் மனைக்காரர் முதலில் குதித்தார், "உங்களை யாரு சோதிக்கச் சொன்னது?" என்று. விலை படியாவிட்டால் இதே மண்ணின் மேல் வீடு கட்டித் தன் சொந்த மகளையே குடிவைக்கலாம் என்று ஒரு யோசனை அவருக்கு இருந்ததாம். அது நினைவுக்கு வந்ததும் குதிப்பது நின்றது. பெரிய மேடம் எழுதிய கடிதத்தோடு அவரே போய் அதிகாரிகளைக் கூட்டிவந்தார். மேல்மண்ணை வழித்தெடுத்து அப்புறப்படுத்துவதென்று முடிவாயிற்று. கீரையையும் உரத்தையும் டிரைவர் தன் கையாலேயே, கையுறை போட்டுக்கொண்டு, மூட்டைகட்டிக் கொடுத்தார். கடைசிக் கட்டை மூட்டையில் போடும்போது ஒருமுறை அதைத் தட்டிக்கொடுத்தார். சல்லடையக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

இப்போது தோட்டம் மொட்டைமாடியில். பலகைப் பெட்டிகளில் புதுமண். பெட்டிகளின் மூலைகளை அளந்து, மயிரிழை பிசகாமல் பொருத்தியது கடிகாரக்காரர். மண்ணைச் சுமந்து ஏற்றியது டிரைவர். ஒவ்வொரு மூட்டையையும் சலித்து, சோதித்து, "இது ஆகும், இது ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னது சல்லடையக்கா. தெருக்காரர்களும் இந்த முறை வாயைத் திறந்தார்கள். "அண்ணே, பிஞ்சுலயே பறிங்க. மரமாக்காதீங்க" என்றாள் தையல்காரம்மா. "எனக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டு, அதுவும் சின்னக் கட்டு" என்றாள் நர்ஸம்மா. "எனக்குக் கீரையே வேணாம், தக்காளி போடு" என்றார் அக்கா. எல்லாவற்றையும் டிரைவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மனசு நோகவில்லையா என்று மனைவி கேட்டதற்கு, "பொய்யா சிரிச்சு வாங்கிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

மாடி முள்ளங்கி முழங்கை நீளமெல்லாம் வரவில்லை. ஆனால் முள்ளங்கிதான் என்று பார்த்தவுடன் சொல்லலாம்.

விஷயம் ஊருக்குள் பரவாமல் இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தங்கள் மண்மேல் ஒரு யோசனை வந்துவிட்டது. ஒருவர் வீட்டருகே பழைய பேட்டரி கடை, இன்னொருவர் வீட்டருகே பெயிண்ட் கிடங்கு. சோதனைக்கூடத்து வாசலுக்கு ஆள் வரத் தொடங்கியது. பெரிய மேடம் யோசித்து, சனிக்கிழமைதோறும் காலையில் தனியாக ஒரு மேசை போடச் சொன்னார். மேசைக்குப் பின்னால் யார் உட்காருவது என்ற பேச்சே எழவில்லை.

முதல் சனிக்கிழமை சல்லடையக்கா போனபோது வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. மண்ணைப் பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தவர்கள், செருப்புப் பெட்டியில் கொண்டுவந்தவர்கள், தொட்டியோடு கத்தரிச்செடியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்ட ஒரு பெரியவர். வரிசையை டிரைவர் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார், பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுவதுபோல், "முட்டாதீங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று.

முதலாவதாக வந்த பெண் ஒரு காலுறையை மேசைமேல் வைத்தாள். அது கனமாக, கால் வடிவத்திலேயே நின்றது.

"வீட்டுல பை எதுவும் கிடைக்கலீங்க," என்றாள் அவள் வெட்கத்தோடு. "துவைச்சதுதான்."

சல்லடையக்கா பழக்கதோஷத்தில் சீட்டில் ஒன்று என்று எண் போட்டாள். பிறகு பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க எடுத்தீங்க இந்த மண்ணை? என்ன செடி வெச்சிருக்கீங்க? உட்காருங்க, முதல்லேருந்து சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.